கீழ் இலைக்கும் ஒரு விளக்கு!

நெதர்லாந்தில் ஹேக் நகரத்துக்கும் ராட்டர்டாம் துறைமுகத்துக்கும் பக்கத்தில் இருக்கிறது வெஸ்ட்லாந்து. ஒரு காலத்தில் திராட்சைக்குப் பேர்போன இடம். இன்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடிக் கூரைகள்தான். 'கண்ணாடி நகரம்' என்பது இதன் செல்லப்பெயர்.

டிசம்பர் கடைசியில் இங்கே பகல் எட்டு மணி நேரம்கூட இருக்காது. அந்தக் கொஞ்ச வெளிச்சத்தையும் மேகம் மறைத்துவிடும். ஆனாலும் கண்ணாடிக் குடிலுக்குள் தக்காளி பழுக்கிறது!

உள்ளே மண் கிடையாது. பாறையை உருக்கி இழுத்த பஞ்சில்தான் வேர் பிடிக்கிறது. வரிசைகளுக்கு நடுவே ஓடும் சுடுநீர்க் குழாய்கள் குளிரையும் விரட்டும், பறிக்கும் வண்டிக்குத் தண்டவாளமாகவும் உதவும். கயிற்றைப் பிடித்து ஏறும் கொடிகள் ஆளை விட உயரம்.

அங்கேதான் சிக்கல். கூரை விளக்கின் வெளிச்சத்தில் பெரும்பகுதியை உச்சி இலைகளே வாங்கிக்கொள்ளும். கீழ் இலைகளுக்கு நிழல்தான் மிச்சம். வெளிச்சம் இல்லாத இலை உணவு தயாரிக்காது. ஆனால் சுவாசிப்பதற்குச் சர்க்கரையைச் செலவழிக்கும். சம்பாதிக்காமல் சாப்பிடும் இலை!

கீழேயே ஒரு விளக்கு வைத்தால் என்ன? பழைய சோடியம் விளக்கின் சூட்டில் பக்கத்து இலை கருகிவிடும். எல்.இ.டி. வந்தபிறகு வழி பிறந்தது. அது இலைமேல் அவ்வளவு சூட்டை வீசாது. அதனால் கொடிகளுக்கு நடுவிலேயே நீளப் பட்டைகளாகத் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் ஒளிர விடுகிறார்கள். சிவப்பும் நீலமும் கலந்து, வரிசை முழுக்க ரோஜா நிறம்.

இந்த யோசனை விண்வெளி ஆராய்ச்சியோடும் தொடர்புடையது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் விண்வெளியில் பயிர் வளர்ப்பதற்கான ஆய்வில், சின்ன ட்யூப்லைட்டுகளைச் செடிகளுக்கு உள்ளேயே வைத்துப் பார்த்தார்கள். கீழ் இலைகள் சீக்கிரம் பழுக்காமல் பச்சையாகவே நின்றன. 2000-ல் வெளியான அந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பயிர், நம் வீட்டுக் குழம்பில் கொதிக்கும் காராமணி!

ஆனால், வெளிச்சம் இலவசமில்லை. 2022-ல் எரிவாயு விலை எகிறியபோது, நெதர்லாந்தில் பல குடில்கள் குளிர்காலத்தில் விளக்கேற்றாமல் இருட்டாகவே கிடந்தன. தை மாதத் தக்காளிக்கு எவ்வளவு மின்சாரம் செலவழிக்கலாம் என்ற கேள்வி அங்கே இன்னும் தீரவில்லை. எரிகிற வெளிச்சம் ஒவ்வொன்றும் வேலை செய்கிற இலைமேல் விழவேண்டும் என்ற கவலை அதனால்தான்.

இரவு விளக்கெரியும் குடில்களுக்குத் திரை போடவேண்டும் என்பது அங்கே சட்டம். அக்கம்பக்கத்து மனிதர்களுக்கும் பறவைகளுக்கும் இருட்டு வேண்டுமே! தக்காளிக்கும் அப்படித்தான். 24 மணி நேரமும் வெளிச்சம் காட்டினால் இலை வெளிறிப்போகும். அதனால் தினமும் சில மணி நேரம், உச்சி இலைக்கும் கீழ் இலைக்கும் சேர்த்தே விளக்கை அணைத்துவிடுகிறார்கள்.