பண்ணவாடியில் தகைவிலான்

நான் படித்தது பாண்டிச்சேரியில், பிரெஞ்சு வழியில். சின்ன வகுப்புப் புத்தகத்தில் வசந்தம் என்ற பாடத்துக்கு ஒரு படம் இருக்கும். பூத்த மரம், ஓட்டு வீடு, இறவாரத்தில் வால் பிளந்த ஒரு குருவி. 'இரோந்தெல்' என்று பெயர். அது வந்துவிட்டால் குளிர் போய்விட்டது என்று அர்த்தமாம். மாசியிலேயே வியர்க்கும் ஊரில் உட்கார்ந்து அதை மனப்பாடம் செய்தோம்.

பிறகு அரசு வேலை என்னைச் சேலத்துக்குக் கொண்டுவந்தது. குமாஸ்தாவாக இருந்தவரை மேட்டூர் எனக்குத் தினசரியில் வரும் இரண்டு எண்கள்தான்: நீர்மட்டம், நீர்வரத்து. ஓய்வு பெற்ற பிறகுதான் ஒரு பைனாகுலர் வாங்கினேன்.

பங்குனி பிறந்ததும் ஒருநாள் கொளத்தூர் வழியாகப் பண்ணவாடிக்குப் போய்விடுவேன். 1934-ல் அணை முடிந்தபோது தண்ணீருக்குள் போன ஊர்களின் மிச்சம் அங்கே இருக்கிறது. நீர்மட்டம் நன்றாக இறங்கினால் பழைய கோயிலின் நந்தி தெரியும். தேவாலயத்தின் கோபுரமும் தெரியும். தண்ணீர் விலகிய மண்ணில் உழுது விதைப்பார்கள். ஒருமுறை உழுதுகொண்டிருந்தவர் நடுவில் ஒரு பாய் அளவு இடத்தை அப்படியே விட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "ஆட்காட்டி முட்டை வெச்சிருக்குதுங்க" என்றார். தலைக்கு மேல் அந்தப் பறவை கத்திக்கொண்டே சுற்றியது. கூழைக்கடாவும் நீர்க்காகமும் அங்கே எப்போதும் உண்டு. ஆற்று ஆலா தண்ணீரில் விழுந்து மீனோடு எழும்.

அங்கேதான், பரிசல் துறைக்குப் பக்கத்து மின்கம்பியில், வரிசையாக உட்கார்ந்திருந்தது என் பாடப்புத்தகம். செந்தொண்டை, நீல முதுகு, பிளந்த வால். தமிழில் தகைவிலான். வருஷா வருஷம் ஐப்பசியிலிருந்து நம் வயல்களின் மேல் பறப்பதுதான். நான்தான் நிமிர்ந்து பார்த்ததில்லை. அங்கே வசந்தத்தைக் கொண்டுவரும் குருவி, இங்கே வசந்தம் வந்தால் கிளம்பிவிடுகிறது.

என் மகள் குடும்பம் லியோனில் இருக்கிறது. பேத்திக்கு ஏழு வயது. தமிழ் கொஞ்சம்தான் வரும். அன்று இரவு போனில், "தாத்தா பார்த்த குருவி உன் வீட்டுக்குத்தான் வருது" என்றேன். அவளுக்கு ஒரே குதூகலம். ஒவ்வொரு வாரமும் வந்துவிட்டதா என்று ஜன்னலைப் பார்த்தாளாம்.

அடுத்த வருடம் அங்கே ஒரு கல்லூரிப் பையனைச் சந்தித்தேன். பெருமையாக இதைச் சொன்னேன். அவன் தயங்கினான். "இல்லைங்க ஐயா. நம்ம ஊருக்கு வர்றது இமயமலைப் பக்கமும் அதுக்கு வடக்கே ஆசியாவுக்கும் போயிடும். பிரான்சுல இருக்கிறது குளிருக்கு ஆப்பிரிக்கா போகும்" என்றான். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு எதுவும் ஓடவில்லை. ஏழு வயதுக் குழந்தை, சொல்லாமலே விட்டுவிடலாமா என்று தோன்றியது. ஆனால் முப்பத்தைந்து வருடம் கோப்பில் தவறான குறிப்பைத் திருத்தாமல் விட்டவன் இல்லை நான்.

சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்போ உன் குருவி வேற, என் குருவி வேறயா தாத்தா?" என்றாள்.

"ரெண்டும் ஒரே ஜாதிதான் கண்ணு. போற ஊர்தான் வேற" என்றேன்.

இந்தப் பங்குனியில் கம்பி காலியாக இருந்தது. நான் போவதற்குள் கிளம்பிவிட்டன. பத்து நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். 'இரோந்தெல்' என்று சொல்லவில்லை. "தாத்தா, என் தகைவிலான் வந்தாச்சு" என்றாள். 'ழ'கரம் இல்லாத பெயர், நல்ல வேளை. சரியாகத்தான் சொன்னாள்.