அடியை விழுங்கும் கால்

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு அன்று பஸ்ஸில் கடைசி ஸீட்தான் கிடைத்தது. சட்டைப் பையில் ஒரு கடிதம். பாகப் பிரிவினை விஷயமாக அண்ணா எழுதியதற்கு நான் எழுதிய பதில். நேரிலேயே கொடுத்துவிட்டு வருவதென்று கிளம்பியிருந்தேன்.

சுண்ணாம்புக்கல் லாரிகள் உழுதுவைத்த சாலை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பஸ் ஒரு தரம் இறங்கிற்று. மூன்று தரம் குதித்தது.

"ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு, சார். ஷாக் அப்சர்பர்தான் போயிடுச்சு" என்றார் பக்கத்திலிருந்த மெக்கானிக். "ஸ்பிரிங் வாங்கின அடியைத் திருப்பிக் கொடுத்துடும். ஷாக் அப்சர்பர்லே இருக்கிற எண்ணெய்தான் அடியை விழுங்கும்."

பஸ்ஸுக்குப் பரவாயில்லை, ஆகாயத்துக்குப் போகிற கலத்துக்கு இந்தக் குதி ஆகாது. 2014 நவம்பர் 12-ஆம் தேதி ஐரோப்பியர்களின் ஃபிலே ஒரு வால்நட்சத்திரத்தில் இறங்கியது. பிடித்து நிறுத்த வேண்டிய ஈட்டிகள் பாயவில்லை. எகிறிய கலம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் மிதந்து, ஒரு கிலோமீட்டர் தள்ளி, வெயில் சரியாக விழாத நிழலில் போய் விழுந்தது.

சந்திரனில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான். இங்கே ஓரடி குதிக்க வைக்கிற வேகம் அங்கே ஆறடி தூக்கிவிடும். ஆகவே 1969-இல் மனிதர் இறங்கிய கலத்தின் கால்களுக்குள் தேன்கூடு போன்ற அலுமினியத்தை வைத்தார்கள். அது அடி பட்டதும் நசுங்கும், நசுங்கியபடியே நிற்கும். திருப்பிக் கொடுக்க அதனிடம் ஒன்றுமிராது. நம் விக்ரமின் கால்களுக்கும் அதே வழிதான். 2019-இல் ஒரு விக்ரம் மோதி நொறுங்கியபின், அடுத்ததன் கால்களை வினாடிக்கு 2 மீட்டருக்குப் பதில் 3 மீட்டர் வேகத்தையும் தாங்கும்படி பலப்படுத்தினார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று அது அலுங்காமல் இறங்கிற்று.

எங்கள் வீட்டில் அந்தத் தேன்கூடு அம்மா. அண்ணா எறிந்த சொல் என்னிடம் வந்ததில்லை. நான் எறிந்தது அவரை எட்டியதில்லை. இரண்டும் அவளிடம் வந்து நின்றுவிடும். அவள் நசுங்கிக்கொண்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. அவள் போய் ஒரு வருஷமாகிறது. இப்போது இரண்டு ஸ்பிரிங்குகள்தான் மிச்சம்.

அரியலூரில் அண்ணா வாசலிலேயே நின்றிருந்தார். முன்பைவிட இளைத்திருந்தார்.

"பஸ்ஸிலே இடம் கிடைச்சுதாடா?"

"கடைசி ஸீட், அண்ணா. தூக்கித் தூக்கிப் போட்டுடுத்து."

"சரி, உள்ளே வா. சாப்பிட்டுப் பேசிக்கலாம்."

கடிதம் இன்னும் அந்தச் சட்டைப் பையில்தான் இருக்கிறது.