மீண்டும் மேலெழும் துணிவு

‘முன் வைத்த காலைப் பின் வைக்காதே’ என்பது நம் முன்னோர் வாக்கு. சோம்பி நிற்பவனைத் தட்டி எழுப்ப அது நல்ல வாக்கே. ஆயினும், வேளை வந்தால் முன் வைத்த காலைப் பின் எடுத்தே தீர வேண்டும் என்று விதித்திருக்கும் தொழிலொன்று இன்று உலகில் உண்டு. அதுவே வானூர்தி ஓட்டும் தொழில்.

மலையடிவாரத்துச் சிவகிரிக்கும் வானூர்திக்கும் என்ன உறவு என்று அன்பு வாசகர்கள் வினவலாம். நம் பகுதியிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற பிள்ளைகள் பலர். மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ அவர்கள் வந்திறங்கும் நாளில், செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்திருக்கும் தாய்மாரை நாம் அறிவோம். ஆகவே வானூர்தி எப்படி இறங்குகிறது என்பது நம் வீட்டுச் செய்தியே ஆகும்.

ஒரு முறை ஆடி மாதத்தில், மும்பையிலிருந்து திருவனந்தபுரம் வந்துகொண்டிருந்தோம். குற்றாலத்தில் நமக்குச் சாரலாக விழும் தென்மேற்குக் காற்று, மலைக்கு அப்பால் பெருமழையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. சக்கரங்கள் இறங்கிய ஓசை கேட்டது. தென்னந்தோப்புகளும் கண்ணுக்குத் தெரிந்தன. அந்நேரத்தில் இயந்திரங்கள் பேரொலி எழுப்ப, வானூர்தி மூக்கை உயர்த்தி மறுபடியும் மேகத்துள் புகுந்தது. அருகில் இருந்த புளியங்குடிப் பக்கத்து இளைஞர், தங்கையின் திருமணத்திற்குச் சில நாள் விடுப்பில் வருபவர், “இறங்கத் தெரியாதவரையெல்லாம் ஓட்ட வைத்திருக்கிறார்களே, சாமி!” என்று சலித்துக்கொண்டார். “தம்பி, இறங்கத் தெரியாமல் அவர் எழவில்லை, இப்போது இறங்கலாகாது என்று தெரிந்தே எழுந்தார்” என்றோம். அரை மணிக்குள் பத்திரமாகத் தரை சேர்ந்தோம்.

அவ்வாறு எழுவதை விமானிகள் ‘கோ அரவுண்ட்’ என்பர். அதற்குரிய அளவுகள் பறக்கும் முன்பே வகுக்கப்பட்டவை. மேகமூட்டமான வேளையில் தரையிலிருந்து 1000 அடி உயரத்திற்கு வரும்போது, வேகம், இறங்கும் விகிதம், ஓடுபாதையோடு நேராக இருத்தல் யாவும் ஒழுங்காக அமைந்திருக்க வேண்டும். இல்லையேல் எழ வேண்டும். கருவிகளின் துணையோடு இறங்கும் வழக்கமான முறையில், ஏறத்தாழ 200 அடியில் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியவில்லையெனில், ‘இன்னும் சற்றுப் பார்ப்போம்’ என்பதற்கே இடமில்லை. வேறொரு நிலையத்திற்குச் சென்று இறங்கவும், அதற்கு மேல் அரை மணி நேரம் வானில் வட்டமிடவும் வேண்டிய எரிபொருளை ஏற்றிக்கொண்டே புறப்படுகிறார்கள். திரும்ப வேண்டி வரும் என்று முன்னரே எண்ணி, அதற்கும் சேர்த்துப் பயணம் தொடங்குகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இவ்விதி மீறப்பட்டபோது நேர்ந்ததை நம் நாடே கண்டது. 2010ஆம் ஆண்டு மே 22ஆம் நாள், துபாயிலிருந்து 166 பேருடன் மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், இருக்க வேண்டிய உயரத்தைவிட மிக மேலே இருந்தவாறே ஓடுபாதையை நெருங்கியது. விமானி அறையின் ஒலிப்பதிவில் பெரும் பகுதி நேரம் தலைமை விமானி உறங்கியிருந்தது பின்னர் தெரிய வந்தது. துணை விமானி அபாயத்தைக் கண்டார். மேலெழுமாறு மூன்று முறை சொன்னார். கருவியும் எச்சரித்தது. தலைமை விமானி கேளாமல் இறக்கினார். ஏறத்தாழ 2450 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதையில், 1580 மீட்டருக்கும் அப்பால்தான் சக்கரம் தரையைத் தொட்டது. வேகத்தைத் தணிக்கும் கருவியை இயக்கிய பிறகு, மீண்டும் எழ முயன்றார். காலம் கடந்துவிட்டது. குன்றின் மேல் அமைந்த அந்த ஓடுபாதையைத் தாண்டி விமானம் பள்ளத்தில் வீழ்ந்தது. 158 உயிர்கள் போயின; எண்மரே பிழைத்தனர்.

பத்தாண்டுகளுக்குப் பின், 2020 ஆகஸ்டு 7ஆம் நாள், அதே நிறுவனத்தின் விமானம் ஒன்று துபாயிலிருந்து கோழிக்கோடு வந்தது. கொரோனாக் காலத்தில் நம்மவரைத் தாயகம் சேர்த்த விமானங்களுள் அதுவும் ஒன்று. கொட்டும் மழையில் முதல் முயற்சியைக் கைவிட்டு முறைப்படி மேலெழுந்தனர். இரண்டாம் முறை, பின்னிருந்து காற்று தள்ள, சற்றேறக்குறைய 2700 மீட்டர் ஓடுபாதையின் பாதியளவில் போய்த் தரை தொட்டனர். அப்போதும் துணை விமானி மேலெழச் சொன்னார். அன்றும் அக்குரல் ஏற்கப்படவில்லை. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் மாண்டனர். மறுநாள் காலை அங்கிருந்து புறப்படும் விமானத்தையும் அத்தலைமை விமானியே ஓட்ட வேண்டியிருந்தது என்பதை விசாரணை அறிக்கை சுட்டியது. வேறு ஊருக்குத் திரும்பிவிட்டால் நாளைய வேலை என்னாவது என்ற எண்ணம் எத்துணை வலியது!

இவ்விருவரும் அனுபவம் மிக்க விமானிகளே. இலக்கு நெருங்க நெருங்க அதை விடுவது மனிதருக்கு அரிதாகிறது. அனுபவமும் பதவியும் அதை இன்னும் அரிதாக்குகின்றன. ஒழுங்கற்ற முறையில் நெருங்கும் விமானங்களுள் நூற்றுக்கு மூன்று மட்டுமே மேலெழுகின்றன என்று ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பின் ஆய்வு கூறுகிறது. ஏனையவற்றுள் மிகப் பெரும்பாலானவை எப்படியோ நலமாக இறங்கிவிடுகின்றன. அதுவே ஆபத்து. தப்பிப் பிழைத்ததைத் திறமை என்று எண்ணிக்கொள்கிறோம். அடுத்த முறை இன்னும் துணிகிறோம்.

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். திருமணத்திற்கு முன் மூன்று முறை கோவிலில் ஓலை கூறுவது எதற்காக? தடை அறிந்தவர் எவரேனும் இருந்தால் வாய் திறந்து சொல்வதற்காகவே அன்றோ? நம் பணிக்காலத்தில், இரண்டாம் ஓலைக்குப் பின், மாப்பிள்ளையின் குடிப்பழக்கத்தை அறிந்து வந்து தகப்பனாரிடம் சொன்னான், பெண்ணின் தம்பி. பதினாறு வயதுப் பிள்ளை. அழைப்பிதழ் கொடுத்தாயிற்று, பந்தலுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, வெளியூர் உறவினர் பயணச்சீட்டும் எடுத்துவிட்டனர். “சின்னப்பயல் பேச்சைக் கேட்டு ஊர் முன்னே தலைகுனிவதா?” என்றனர் பெரியவர்கள். அத்தகப்பனாரோ மகனைத் தனியே அழைத்து முழுவதும் கேட்டார். தாமே நேரில் சென்று விசாரித்தார். மகளின் மனத்தையும் அறிந்தார். மூன்றாம் ஓலை கூறப்படவில்லை. ஊர் சில மாதம் பேசியது, பின்பு மறந்தது. அப்பெண் இன்று பிறிதோர் இல்லத்தில் நலமாக வாழ்கிறாள்.

இலட்சக்கணக்கில் கடன் வாங்கி வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும்போதும், தொடங்கிய வழக்கை விடாமல் நடத்தும்போதும், ஆகாத நிலத்தை முன்பணம் கொடுத்துவிட்டோமே என்று கிரயம் முடிக்கும்போதும் இதுவே நிகழ்கிறது. பெரியவர்களே, எது நேர்ந்தால் திரும்புவோம் என்பதைப் புறப்படும் முன்பே, மனம் தெளிவாக இருக்கும்போதே, வீட்டாரோடு அமர்ந்து முடிவு செய்யுங்கள். திரும்புவதற்காகும் செலவையும் சேர்த்தே கணக்கிடுங்கள். இளையவர்களே, அபாயத்தைக் கண்டால் மரியாதையோடு, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது நம்மவர் ‘போகிறேன்’ என்பதில்லை. ‘போய் வருகிறேன்’ என்றே சொல்கிறோம். வீட்டில் காத்திருப்பவர்க்கு வேண்டுவது அந்த வருகைதான். அது அரை மணி தாமதமானால் என்ன?