இலவசம் யாருடையது?



2024 ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் ஒரு நாள் அஸர் தொழுது வீடு திரும்பியபோது, சென்னையிலிருந்து என் மச்சானின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். பதினொரு வயதுப் பிள்ளை. சலாம் சொன்னவள் வழக்கம்போல் நலம் விசாரிக்கவில்லை. "மாமா, என் கேமை யாரோ எடுத்துட்டாங்க" என்றாள். குரலில் அழுகை இருந்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கணினி விளையாட்டு எப்படிக் களவு போகும்? பொம்மையா, மிதிவண்டியா, யாரோ தூக்கிச் செல்வதற்கு? பிள்ளையைச் சமாதானப்படுத்திவிட்டு, இவ்விஷயங்களில் விவரமறிந்த என் மகனை அழைத்தேன். அவனுக்குப் பதினான்கு வயது. அழைத்தது யார் என்று சொன்னதுமே அவன் முகம் மாறியது. மக்தபில் இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்து வருகிறேன். பாடம் படிக்காமல் வந்த பிள்ளையின் முகத்தையும், மறைக்க ஏதோ வைத்திருக்கும் பிள்ளையின் முகத்தையும் நான் வேறுபடுத்தி அறிவேன்.

அன்று அவனிடமிருந்து நான் தெரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமேசான் பிரைம் என்பது ஆண்டுச் சந்தா. இந்தியாவில் 2016இல் தொடங்கியது. 2021 டிசம்பரில் அதன் ஆண்டுக் கட்டணம் 999 ரூபாயிலிருந்து 1499 ரூபாயாக உயர்ந்தது. பொருள்கள் விரைவாக வீடு வந்து சேரும், படங்கள் பார்க்கலாம் என்பதற்காகவே பலரும் அதைக் கட்டுகிறார்கள். ஆனால் அதே சந்தாவுக்குள் மாதந்தோறும் சில கணினி விளையாட்டுகளும் அடங்கியிருக்கின்றன. வெளிநாடுகளில் 2018இலிருந்தே இந்த வழக்கம் உண்டு. பிரைம் கேமிங் என்ற பெயரில் 2022 டிசம்பரில் இந்திய உறுப்பினர்களுக்கும் அது வந்தது.

அவை தாமாக வந்து சேர்வதில்லை. உறுப்பினர் அந்தப் பக்கத்துக்குச் சென்று, ஒவ்வொன்றையும் "எனக்கு வேண்டும்" என்று கேட்டுப் பெற வேண்டும். பிள்ளைகள் இதை "க்ளைம் பண்ணுவது" என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு நாள் உண்டு; அது கடந்தால் போயிற்று. சில விளையாட்டுகள் அமேசானின் சொந்தச் செயலியில் சேரும். சிலவற்றுக்கு ஒரு குறியீடு கிடைக்கும். அந்தக் குறியீட்டை ஜிஓஜி போன்ற வேறொரு விளையாட்டுக் கடையில் நம் கணக்கில் செலுத்தினால், விளையாட்டு அந்தக் கணக்குக்கு உரியதாகிவிடும். குறியீடு ஒரு முறைதான் செல்லும். பிறகு அது வெற்று எழுத்து.

நடந்தது இதுதான். சந்தா என் மச்சானுடையது. நகரம் ஒன்றைக் கட்டி நிர்வகிக்கும் விளையாட்டு அந்த மாதம் வருகிறது என்று தம் மகளிடம் சொல்லி, பரீட்சை முடிந்ததும் எடுத்துத் தருவதாக வாக்களித்திருந்தார். பிள்ளை நாள்களை எண்ணிக் காத்திருந்தாள். பரீட்சை முடிந்து தந்தையும் மகளும் குறியீட்டை எடுத்துச் செலுத்தியபோது, அது முன்பே பயன்படுத்தப்பட்டுவிட்டது என்று வந்தது. பயன்படுத்தியவன் என் மகன். எங்கள் வீட்டு மடிக்கணினியில் மச்சானின் கணக்கு திறந்தே கிடந்தது. அதிலிருந்து குறியீட்டை எடுத்துத் தன் கணக்கில் செலுத்திவிட்டான்.

எனக்குக் கோபம் வந்தது. அந்த வாரம்தான் மக்தபில் அமானிதம் பற்றிப் பாடம் நடத்தியிருந்தேன். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவன் அவன். "கேட்காமல் பிறர் பொருளைத் தொடலாமா?" என்று குரலை உயர்த்தினேன். அவன் தலையைக் குனிந்தபடியே சொன்னான்: "வாப்பா, மாமா அக்கவுண்ட்ல நீங்க கிதாபு வாங்குறீங்க. நான் கேம் எடுத்தேன். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

அடுப்படியில் இருந்த என் மனைவியின் கையிலிருந்த பாத்திரச் சத்தம் நின்றது. நானும் வாயடைத்து நின்றேன்.

அந்தக் கணக்கு எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். 2020இல் ஊரடங்கு. எங்கள் ஊர் வழக்கப்படி நான் மனைவி வீட்டில் குடியிருப்பவன். மாமிக்குச் சர்க்கரை நோய். இரத்தச் சர்க்கரை பார்க்கும் பட்டைகள் கடைகளில் கிடைக்கவில்லை. அப்போது மச்சான் தம் கணக்கின் கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லி, "உம்மாவுக்கு வேண்டியதை இதில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். வாங்கினோம். 2022இல் மாமி மவ்த்தானார்கள். அல்லாஹ் அவர்களின் கப்ரை விசாலமாக்குவானாக. பட்டைகளின் தேவை அத்துடன் முடிந்தது. கடவுச்சொல் முடியவில்லை. கிதாபுகள் வாங்கினேன், மின்விசிறி வாங்கினோம், இரவுகளில் ஆவணப்படங்கள் பார்த்தோம். பொருளுக்கு நான் பணம் கொடுத்தேன் என்பது உண்மை. ஆனால் கூரியர் கட்டணமின்றி அது என் வாசலுக்கு வந்தது, வேறொருவர் கட்டிய 1499 ரூபாயால். ஒரு நாளும் மச்சானிடம் "இன்னும் பயன்படுத்துகிறோம்" என்று சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. கேட்காததையே நான் சம்மதம் என்று வைத்துக்கொண்டேன்.

முஆமலாத் பாடத்தில் இரவல் பற்றிய பகுதியை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். நாங்கள் பின்பற்றும் ஷாஃபிஈ ஃபிக்ஹில், இரவல் பெற்றவர் உரியவரின் அனுமதியின்றி அதை மற்றொருவருக்கு இரவல் கொடுக்கலாகாது. எந்தப் பயனுக்காகத் தரப்பட்டதோ அதைத் தாண்டிப் பயன்படுத்தவும் கூடாது. பக்கத்து வீட்டு ஏணியையும் உழவு மாட்டையும் உதாரணம் காட்டியே இதை விளக்கி வந்தேன். ஏணி பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும்; மாலையில் திருப்பிக் கொடுக்காவிட்டால் பக்கத்து வீட்டார் கூப்பிடுவார்கள். கடவுச்சொல்லை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அது இங்கே இருந்தாலும் அங்கே குறைவதில்லை என்று தோன்றும். ஆனால் அந்தக் குறியீட்டை என் மகன் எடுத்தபோது அங்கே உண்மையிலேயே குறைந்தது. பதினொரு வயதுப் பிள்ளை ஒருத்தி அதற்காகக் காத்திருந்தாள்.

"இலவசம்" என்ற சொல்தான் எங்கள் இருவரையும் ஏமாற்றியது. மகன் தன் தரப்பை இப்படித்தான் சொன்னான்: "அது ஃப்ரீதானே வாப்பா, மாமாவுக்கு என்ன நட்டம்?" நன்றாக யோசித்தால் அது இலவசமே அல்ல. சந்தாப் பணத்துக்குப் பகரமாகக் கிடைக்கும் பல பயன்களில் அதுவும் ஒன்று. விலை முன்பே கொடுக்கப்பட்டுவிட்டது; கொடுத்தவர் மச்சான். சந்தாவின் உரிமையை மற்றவருக்கு மாற்றித் தர இயலாது என்று நிறுவனத்தின் விதிமுறையும் சொல்கிறது. ஒப்பந்தங்களை நிறைவேற்றுவது பற்றி மிம்பரில் பேசுகிறோம். திரையில் "சம்மதம்" என்று தட்டுவதும் ஒப்பந்தம்தான் என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்?

அன்று இஷாவுக்குப் பின் மகனை அருகில் அமர்த்தி, அவன் கணக்குகளைத் திறக்கச் சொன்னேன். திட்டுவதற்காக அல்ல, நானும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. ஒன்றரை ஆண்டில் நாற்பத்து மூன்று விளையாட்டுகள் சேர்த்திருந்தான். எத்தனையைத் திறந்து பார்த்தாய் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணி "நாலு" என்றான். மற்றவை ஏன்? "கெடு முடிஞ்சா போயிடுமே, வாப்பா."

அந்தப் பதிலைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. வேண்டும் என்ற ஆசையால் அவன் எடுக்கவில்லை. போய்விடுமே என்ற அச்சத்தால் எடுத்திருக்கிறான். என் அலமாரியில் பிரிக்காமல் கிடக்கும் கிதாபுகள் அப்போது கண்ணில் பட்டன. தள்ளுபடி முடிகிறது என்று அவசரமாக வாங்கியவை. பாதியை நான் இன்னும் திறக்கவில்லை. மகனுக்கு உபதேசம் செய்யத் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் மச்சானை அழைத்தேன். மகன் செய்ததையும், இரண்டு ஆண்டுகளாக நாங்கள் செய்து வந்ததையும் சேர்த்தே சொன்னேன். அவர் சிரித்தார். "இதெல்லாம் ஒரு விஷயமா மச்சான்? நம்ம வீடுதானே" என்றார். பெரிய மனது. நான் ஹலால் கேட்டேன், உடனே தந்துவிட்டார். மனம் இலேசாயிற்று. ஆனால் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "காக்கா மன்னிச்சிடுவாங்க. அந்தப் பிள்ளை?" என்று கேட்டாள்.

உண்மைதான். வாக்களிக்கப்பட்டவள் அவள்; இழந்தவளும் அவள். பெரியவர்கள் தமக்குள் பேசி முடித்துவிட்டால் சிறியவர்களின் ஹக்கும் முடிந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். மகன் தன் பெருநாள் காசை எடுத்து வந்தான். அதே விளையாட்டை ஜிஓஜி கடையில் அன்பளிப்பாக வாங்கி அவளுக்கு அனுப்பும் வசதி இருந்தது. காசு போதவில்லை, மீதியை நான் கொடுத்தேன். என் பங்கும் அந்தத் தவறில் இருந்ததே. பிறகு அவனே தொலைபேசியை வாங்கி, "நான்தான் எடுத்தேன். மன்னிச்சுக்க" என்றான். மறுமுனையில் சிறிது மௌனம். பிறகு, "சரி காக்கா. எப்படி ரோடு போடுறதுன்னு சொல்லிக் குடு" என்றாள். அரை மணி நேரம் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்றே மச்சானின் கணக்கிலிருந்து வெளியேறினோம். சில மாதங்கள் சந்தா இல்லாமலே இருந்தோம். கிதாபு ஒரு வாரம் தாமதமாக வந்தது. அதனால் எந்தப் பாடமும் நின்றுவிடவில்லை. பிறகு வீட்டில் கலந்து பேசி, எங்கள் பெயரிலேயே சந்தா கட்டினோம். புதுப்பிக்கும் நாளை நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறோம். மகன் விளையாட்டு எடுக்க நான் தடை சொல்லவில்லை. சில நிபந்தனைகள் மட்டும் வைத்தோம்; அவற்றில் இரண்டு அவன் சொன்னவை. விளையாடப் போவதை மட்டுமே எடுக்க வேண்டும். எடுக்கும் முன் அதன் வயது வரம்பைப் பார்க்க வேண்டும்; ஐரோப்பாவின் பெகி முத்திரையில் 18 என்றிருந்தால், இலவசமாக வந்தாலும் அது எங்கள் வீட்டுக்கு வேண்டாம். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே கணினி மூடியிருக்கும்.

இந்த விசாரணையில் இன்னொன்றும் விளங்கியது. "இலவச விளையாட்டு" என்று சொல்லப்படுபவை எல்லாம் ஒரே வகை அல்ல. பிரைம் வழியாக எடுத்தவை, சந்தா முடிந்த பின்னும் எடுத்தவரிடமே இருக்கும். பிளேஸ்டேஷன் பிளஸ் மாதந்தோறும் தருபவை சந்தா உயிரோடு இருக்கும்வரைதான் திறக்கும். அது வாடகை வீட்டைப் போன்றது. எபிக் கடை 2018 டிசம்பரிலிருந்து சந்தா எதுவுமின்றியே விளையாட்டுகளைக் கொடுத்து வருகிறது. பணம் கொடுத்து வாங்கியதுகூட முழுச் சொத்து அல்ல என்பதற்கும் சான்று உண்டு. யூபிசாஃப்ட் வெளியிட்ட 'தி க்ரூ' என்ற வாகன விளையாட்டின் சர்வர்கள் 2024 மார்ச் 31 அன்று மூடப்பட்டன. விலை கொடுத்து வாங்கியவர்களாலும் அதன்பின் விளையாட முடியவில்லை. விற்கப்படுவது பொருளா, பயன்படுத்தும் உரிமமா என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டமே வந்துவிட்டது. விற்பனைக்கும் வாடகைக்கும் அன்பளிப்புக்கும் இரவலுக்கும் உள்ள வேறுபாட்டைப் பழைய கிதாபுகளில் படித்த நமக்கு இது புதிய பாடம் அல்ல. அதைத் திரைக்குப் பொருத்திப் பார்க்கத்தான் மறந்துவிட்டோம்.

இப்போது மக்தபில் இரவல் பாடம் வரும்போது ஏணியுடன் கடவுச்சொல்லையும் சேர்த்தே சொல்கிறேன். முதல் முறை சொன்னபோது என் மகன் முன்வரிசையில்தான் இருந்தான். ஒரு சிறுவன் எழுந்து, "உஸ்தாத், எங்க வீட்ல சாச்சா பாஸ்வேர்டுலதான் எல்லாரும் பாக்குறோம். அது கூடுமா?" என்று கேட்டான். "சாச்சாவிடம் கேட்டீர்களா?" என்றேன். "இல்லை." "இன்று போய்க் கேளுங்கள். அவர் மனமுவந்து சம்மதிக்கிறாரா, நிறுவனத்தின் விதி அதற்கு இடம் தருகிறதா, இரண்டையும் பாருங்கள்" என்றேன். வகுப்பில் இன்னும் பல தலைகள் குனிந்தன. நான் அவற்றைப் பார்க்காததுபோல் அடுத்த வரிக்குச் சென்றேன். ஏனெனில் ஒரு காலத்தில் என் தலையும் குனிய வேண்டியதாகவே இருந்தது.

நம் கைகளில் இருப்பவற்றில் நமக்கு உரியது எது, பிறருடைய அமானிதம் எது என்று பிரித்தறியும் தெளிவை அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.