செண்டாயானில் ஒரு போத்தல்

சிரம்பானில் ராசாவைத் தாண்டி மம்பாவ் பக்கம் போனால் சற்று நேரத்தில் செண்டாயான் வந்துவிடும். இப்போது அதை ஊர் என்பதைவிடத் தாமான்களின் கூட்டம் என்று சொல்லலாம். அகலமான சாலைகள், காவலர் நிற்கும் குடியிருப்புகள், ஒரு பக்கம் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் விமானப்படைத் தளம். கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்வரும் இளம் தம்பதிகள் நிறைய. நம்மவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். விளிம்புக்குப் போனால்தான் செம்பனை கண்ணில் படும். அதற்கும் முன்னால் இங்கே பால்மரம்.

பால்மரம் இருந்த காலத்தில் தோட்டத்துக் குடி என்றால் கள்தான். கோயில், பள்ளிக்கூடம், லயத்து வீடுகள் போலக் கள்ளுக்கடையும் தோட்டத்தின் ஓர் உறுப்பு. உழைத்த காசு அங்கேயே திரும்பிப் போனதைப் பார்த்துக் கொதித்தவர்களும் உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கேட்டார்கள். 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பினார்கள். பிறகு கள் ஒதுங்கியது, சம்சு வந்தது. சின்னப் போத்தல், மலிவான விலை, கள்ளைவிடப் பல மடங்கு வீரியம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் எத்தனையோ ஆண்டுகள் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தது. கள் போய் அதைவிட மோசமான ஒன்று வந்ததுதான் நம் தோட்டக் கதையில் எனக்கு ஆறாத பகுதி.

செண்டாயானில் என் அண்ணன் வீட்டு வரவேற்பறையில், கண்ணாடி அலமாரிக்குள் நான்கைந்து விஸ்கி போத்தல்கள் நிற்கின்றன. அண்ணன் மகன் பொறியாளர், அடுக்கியது அவன்தான். போன தீபாவளிக்குப் போயிருந்தபோது பெரியம்மா அந்த அலமாரிக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார். சம்பள நாள் என்றாலே பயந்து வாழ்ந்தவர் அவர்.

“எல்லாம் அதே தண்ணிதானேப்பா? கண்ணாடிக்குள்ள வெச்சா சாமியாயிடுமா?” என்றார் என்னிடம்.

“பாட்டி, இது சம்சு இல்ல. பன்னெண்டு வருசம் பீப்பாயில இருந்தது. நீங்க சொல்லுங்க சித்தப்பா” என்றான் அவன்.

எனக்கு இருவரும் சரி. உள்ளே இருக்கும் ஆல்கஹால் ஒன்றேதான். கல்லீரல் லேபிள் படிப்பதில்லை. ஆனால் அவன் மாதத்துக்கு இரண்டு முறை, முப்பது மில்லி ஊற்றி ஒரு மணி நேரம் வைத்துக்கொள்பவன். அந்த அளவும் நிதானமும்தான் நல்ல விஸ்கியின் பயன். அது இல்லையென்றால் பெரியம்மா சொல்வதுதான் சரி.

வாங்குவதென்றால் லேபிளைப் படிக்கத் தெரிய வேண்டும். ஸ்காட்ச் என்று போட வேண்டுமானால் ஸ்காட்லாந்தில் வடித்து, ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு வைத்து, 40 விழுக்காட்டுக்குக் குறையாத வீரியத்தோடு அடைக்க வேண்டும் என்பது சட்டம். 12 என்று எண் இருந்தால், உள்ளே கலந்திருப்பவற்றில் மிக இளையதற்கே 12 வயது என்று பொருள். சிங்கிள் மால்ட் என்பது ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்தது. பிளெண்டட் என்பது மால்டும் மற்ற தானிய விஸ்கியும் கலந்தது. கலப்பு என்பதால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். புதிதாகப் பழகுபவருக்கு 12 வயதுக் கலப்பு விஸ்கி ஒன்று போதும். புகை நாற்றம் தூக்கலான ஐலா தீவு மால்டை முதல் போத்தலாக வாங்கிவிட்டு, ‘டெட்டால் மாதிரி இருக்கு’ என்று மூலையில் வைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். உள்ளூர் மலிவுச் சரக்கில் ‘கம்பவுண்டட்’ என்ற சொல் இருந்தால், வடித்த சாராயத்தில் மணமும் நிறமும் சேர்த்தது என்று புரிந்துகொள்ளுங்கள்.

இந்திய விஸ்கி என்றால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. மலிவான பலவற்றில் கரும்பு மொலாசஸ் சாராயம் கலந்திருப்பது உண்மை. ஐரோப்பாவில் அவற்றை விஸ்கி என்ற பெயரில் விற்க முடியாது. ஆனால் பெங்களூர் அம்ருத் நிறுவனம் 2004-இல் தன் சிங்கிள் மால்டை முதலில் விற்பனைக்குக் கொண்டுபோனது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கு. அந்தத் துணிச்சல் வீண்போகவில்லை. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு 2 விழுக்காடு ஆவியாகும் என்றால், பெங்களூர் வெப்பத்தில் 10 விழுக்காடும் அதற்கு மேலும் போய்விடும். மரத்தின் சாரும் சீக்கிரம் இறங்கும். அங்கே நாலைந்து வயதே நல்ல வயதுதான். எண் இல்லையே என்று ஒதுக்காதீர்கள்.

விலையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2016 மார்ச்சில் மாறிய கலால் வரி முறைப்படி விஸ்கிக்கு, அதில் உள்ள தூய ஆல்கஹால் லிட்டருக்கு அப்போது 150 ரிங்கிட்டாக இருந்தது. 700 மில்லி, 40 விழுக்காடு போத்தலில் தூய ஆல்கஹால் 280 மில்லி. அந்த ஒரு வரி மட்டுமே அப்போது 42 ரிங்கிட் ஆனது. ஆகவே யாராவது காரின் பின்பெட்டியைத் திறந்து, ‘ஸ்காட்ச், ஐம்பது வெள்ளி’ என்றால் அது வரி கட்டாததாகவோ போலியாகவோதான் இருக்கும். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மதுவால் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மெத்தனாலை மூக்கும் நாக்கும் கண்டுபிடிக்காது. உரிமம் உள்ள கடை, உடையாத மூடி, சுங்கத்துறை முத்திரை ஆகிய மூன்றையும் பார்க்காமல் வாங்காதீர்கள்.

குடிக்கும் விதத்தில் விதி கிடையாது. கோலாவில் கலந்தால் குற்றமில்லை. ஆனால் அதற்கு முந்நூறு வெள்ளிப் போத்தல் வீண். வாய் குறுகிய சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, முதலில் முகர்ந்து, பிறகு ஒரு கரண்டித் தண்ணீர் விட்டுப் பாருங்கள். காரம் அடங்கி வேறு மணங்கள் மேலே வரும். ஐஸ் அதிகமானால் மணம் அமுங்கிவிடும், நம் ஊர் வெயிலுக்கு ஒரு கட்டி போடலாம். வெறும் வயிற்றில் வேண்டாம். மிளகு போட்டு வறுத்த ஆட்டிறைச்சியைவிட எனக்கு முறுக்கும் வறுத்த நிலக்கடலையும்தான் பொருத்தமாகப் படுகிறது. அது என் நாக்கு. ஒரு போத்தலில் முப்பது மில்லி வீதம் 23 முறை ஊற்றலாம். 230 வெள்ளிப் போத்தல் என்றால் ஒரு முறைக்குப் பத்து வெள்ளி. மூன்று பேர் ஒரே இரவில் காலி செய்தால் அது வேறு கணக்கு.

செண்டாயானிலிருந்து எங்கே போவதானாலும் கார்தான். 2020 அக்டோபர் முதல் இரத்தத்தில் அனுமதிக்கப்படும் அளவு 100 மில்லிக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 ஆகக் குறைந்துவிட்டது. முதல் முறை பிடிபட்டாலே அபராதம் 10,000 ரிங்கிட்டில் தொடங்குகிறது, சிறையும் உண்டு. அண்ணன் வீட்டில் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். அலமாரி திறக்கும் முன் விருந்தினரின் கார் சாவிகள் பெரியம்மாவின் சுருக்குப்பைக்குள் போய்விடும். யாருக்குத் திருப்பிக் கொடுப்பது என்பது அவர் முடிவு. அன்று எனக்குக் கொடுக்கவில்லை. மறுநாள் காலை இட்லி சாப்பிட்ட பிறகுதான் கிடைத்தது.