சூரியகாந்தியும் அதன் சுற்றமும்

ஒரு செடியை நடுகிறவர் அச்செடியை மட்டும் நடுவதில்லை. அதனை நாடிவரும் உயிர்களையும் சேர்த்தே அழைக்கிறார். வருகிறவர்களுள் விருந்தினர் யார், கள்வர் யார் எனப் பிரித்தறியும் பொறுப்பும் அவரையே சேர்கிறது. நல்லம்பள்ளியில் எங்கள் வீட்டுக் கொல்லையில், ஐப்பசி மழைக்குப் பின் நாங்கள் ஊன்றிய இருபத்திரண்டு சூரியகாந்திச் செடிகள் எங்களுக்கு வைத்த தேர்வு இதுவே.

சூரியகாந்தி நம் மண்ணில் தோன்றியதன்று. அதன் தாயகம் வட அமெரிக்கா. 1969-ஆம் ஆண்டு சோவியத் நாட்டிலிருந்து வந்த ரகங்களே இந்தியாவில் இதனை எண்ணெய்ப் பயிராக வேரூன்றச் செய்தன. ஆயினும் நம் தேனீக்கள் அதனை அயலாராக எண்ணவில்லை. மார்கழியில் முதல் பூ விரிந்ததுமே மலைத்தேனீக்கள் வந்தன. வெயில் ஏற ஏறக் கொம்புத்தேனீக்களும் வந்து சேர்ந்தன.

நாம் ஒரு மலர் என்று சொல்வது உண்மையில் ஓர் ஊர். விளிம்பில் ஒளிரும் மஞ்சள் இதழ்கள் விதை தராத மலட்டுப் பூக்கள். வழிப்போக்கரை அழைப்பதே அவற்றின் பணி. நடுவிலுள்ள தட்டிலோ நூற்றுக்கணக்கான, சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுபூக்கள் நெருங்கி நிற்கின்றன. அவை விளிம்பிலிருந்து மையம் நோக்கி நாளுக்குச் சில வரிசைகளாக மலர்கின்றன. ஒவ்வொரு சிறுபூவும் முதலில் மகரந்தத்தைத் தருகிறது. அதன் பின்னரே சூல்முடியை விரிக்கிறது. ஒன்றின் கொடையை மற்றொன்றிடம் சேர்க்கத் தேனீ வராவிடில் பல விதைகள் பதராகிவிடும்.

முதிர்ந்த சூரியகாந்தி கதிரவனைத் தொடர்ந்து திரும்புவதில்லை. கிழக்கு நோக்கியே நின்றுவிடுகிறது. இதன் காரணத்தைக் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் விளக்கினர். கிழக்கு நோக்கிய பூ காலையில் விரைவாக வெப்பமடைகிறது. மேற்கே திருப்பி வைத்த பூவைவிட அதற்கு ஐந்து மடங்கு தேனீக்கள் வருகின்றன. மார்கழிக் குளிரில் வெயில் காய எங்கள் திண்ணையைத் தேடும் முதியோரை இது நினைவூட்டியது.

பூக்கள் நிறைந்தபோது பச்சைப்புழுக்களும் தோன்றின. மருந்து தெளிக்கலாமே என்றார் அண்டை வீட்டுக்காரர். புழுவைக் கொல்லும் நஞ்சு தேனீயை விட்டுவைக்குமா? எனவே விடியலில் கைகளாலேயே புழுக்களைப் பொறுக்கினோம். துணி உலர்த்தும் கொடியில் அமர்ந்திருந்த கரிச்சான் குருவியும் தன் பங்குக்கு உதவியது.

தேனீயோடு உடன்படுவது எளிது. அது எடுப்பதைவிடக் கொடுப்பதே மிகுதி. பச்சைக்கிளிகள் வந்தபோதுதான் உண்மையான வழக்கு எழுந்தது. விதை முற்றித் தலை கவிழ்ந்த பூக்களின் மேல் அமர்ந்து, குனிந்து ஒவ்வொன்றாக உரித்து உண்டன. தினைப்புனத்தில் கிளியோட்டத் தழலும் தட்டையும் குளிரும் ஏந்திய மகளிரைக் குறிஞ்சிப்பாட்டு காட்டுகிறது. கிளிக்கும் உழவருக்கும் உள்ள வழக்கு அத்துணைப் பழையது!

பிள்ளைகள் கிளிகளின் பக்கம் நின்றனர். "தின்னட்டும் பாட்டி, பாவம்!" என்றனர். அம்மாவோ, "பாவமா? தண்ணி சுமந்தது கிளியா, நானா?" என்று கேட்டார். அக்கேள்விக்கு எங்களிடம் மறுமொழி இல்லை. பாத்திரம் கழுவிய நீரையும் வீணாக்காமல் குடம் குடமாக அச்செடிகளுக்கு ஊற்றியவர் அவரே. வறட்சிக் காலங்களில் ஒரு குடம் நீருக்காக நெடுந்தொலைவு நடந்த கால்கள் அவருடையவை. பிறர் சுமந்ததை வாரி வழங்குவது ஈகையாகுமா? ஆகாது. எனவே தீர்ப்பை அவரிடமே விட்டோம்.

இதழ்கள் உலர்ந்து, தேனீக்களின் பணி முடிந்திருந்தது. அம்மா பழைய வேட்டியைக் கிழித்துப் பதினான்கு பூக்களை மூடிக் கட்டினார். சுற்றுச்சுவரை ஒட்டிய எட்டினைத் திறந்தே விட்டார். "அதுங்களுக்கு இது போதும்" என்றார். எங்கள் நெஞ்சு நூறையும் கொடுத்திருக்கும். ஏனெனில் எங்கள் தோள் எதையும் சுமக்கவில்லை. அவர் கொடுத்த எட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருந்தது. இரக்கத்தை அளக்க விரும்புவோர் கொடுத்த பொருளை எண்ணினால் போதாது. அதற்கு நீர் சுமந்த கையையும் காண வேண்டும்.