செக்ரோலில் இல்லாத பேர்

ஸ்பிரிங்வெளியில் என் சின்னம்மா இன்னும் இருக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறையாவது அவரைப் பார்த்துவருவது என்பது ஓய்வுபெற்ற பின் எனக்கு நானே வகுத்துக்கொண்ட விதி. பதுளையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் சின்னம்மாவின் மருமகன் முச்சக்கரவண்டியோடு காத்து நிற்பார். என்னைவிட வயதில் மிக இளையவர். ஆயினும் முறையில் மச்சான். நமுனுகுல மலையைப் பார்த்தபடி ஏறும் அந்தப் பாதையில் அவர் ஓயாமல் தோட்டத்து அரசியல் பேசுவது வழக்கம். இம்முறை பேசவில்லை. பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி, சட்டைப்பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து நீட்டினார்.

“மச்சான், இது என்னான்னு கொஞ்சம் வாசிச்சுப் பாருங்க. எனக்கும் வரி போடப் போறாங்களா?”

வரி செலுத்துநர் அடையாள இலக்கம். நம்மவர் வாயில் ‘டின் நம்பர்’. லீசிங் கம்பனியில் கேட்டார்களாம். பதுளையில் கொமினிகேஷன் கடைப் பையன் ஒருவன் இணையத்தில் விண்ணப்பித்துக் கொடுத்திருக்கிறான். வந்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. மூன்று நாள்களாக அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தூக்கமின்றி ஹயர் ஓடியிருக்கிறார் மனிதர்.

சிரிப்பதற்குரிய விடயமன்று இது. 18 வயது நிரம்பிய எல்லோரும் இந்த இலக்கத்தைப் பெற வேண்டும், பெறாவிட்டால் 50,000 ரூபாய் தண்டம் என்ற செய்தி 2024இன் தொடக்கத்தில் பரவியபோது நாடெங்கும் எழுந்த கலக்கத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தோட்டத்து மக்களுக்கோ பதிவு, தாள், இலக்கம் என்பவற்றின் மீதான அச்சம் அதற்கும் மிகப் பழையது. ‘துண்டு’ என்றொரு முறை இருந்தது. தொழிலாளி தோட்டம் மாறும்போது அவன் பெயரிலிருந்த கடன் ஒரு கடதாசித் துண்டில் ஏறி அவனோடு மாறிச் சென்றது. 1921இல்தான் அது ஒழிந்தது. அதன்பின் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம். அடுத்து 1964இன் ஒப்பந்தம். எந்தத் தாளில் பெருவிரலை வைத்தால் எந்த நாடு என்று அறியாமல் என் தகப்பனாரின் தலைமுறை தடுமாறியது. அரசாங்கத்திலிருந்து வரும் தாள் எதையாவது பறித்துக்கொண்டு போகவே வருகிறது என்று மச்சான் நினைத்ததில் தவறு காண என்னால் இயலவில்லை.

இலக்கம் பெறுவது வேறு, வரி கட்டுவது வேறு என்று சொல்லத் தொடங்கினேன். 2025 ஏப்ரல் 1 முதல் தனியாள் ஒருவரின் ஆண்டு வருமானத்தில் முதல் 18 இலட்சம் ரூபாய்க்கு வரி கிடையாது. அதற்கு முன் அது 12 இலட்சமாக இருந்தது. (2020இல் 30 இலட்சம் வரை உயர்த்தினார்கள். அந்தத் தாராளத்தின் விலையை நாடு 2022இல் எரிபொருள் வரிசையில் நின்று செலுத்தியது, அது தனிக்கதை.) சுயதொழிலில் வருமானம் என்பது கையில் வாங்கிய ஹயர் காசு முழுவதுமன்று. பெற்றோல், ஒயில், டயர், திருத்தவேலை, கடன் வட்டி எனத் தொழிலுக்காகச் செலவானதைக் கழித்தபின் எஞ்சுவதே வருமானம். அவ்வாறு எஞ்சுவது மாதம் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டினால்தான் வரி பற்றிய பேச்சே எழும்.

மச்சான் வாய்விட்டுச் சிரித்தார். “ஒன்றரை லட்சமா? நல்ல மாசத்திலயும் அதில பாதி வராதே மச்சான்!”

ஒருவேளை வந்துவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டார். ஆண்டுக்கு 21 இலட்சம் எஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். விலக்குப் போக மூன்று இலட்சம். அதற்கு 6 சதவீதம். அதாவது ஆண்டுக்கே 18,000 ரூபாய். அவர் மாதந்தோறும் கட்டும் லீசிங் தவணையைவிடக் குறைவு. ஏப்ரல் முதல் மார்ச் வரை ஓர் ஆண்டு. வரியை ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆந் திகதிகளில் தவணையாகக் கட்டலாம். விபரத்திரட்டை நவம்பர் 30க்குள் அனுப்ப வேண்டும். வரி இல்லாதவரும் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தால் அதை அடுப்பில் போடாமல், இல்லை என்று பதில் எழுத வேண்டும். ஒரு கொப்பி வாங்கி, பெற்றோல் பற்றுச்சீட்டுகளை அதில் ஒட்டி வரும்படி சொன்னேன். இவ்வளவுதான் விடயம். வருமான வரி கட்டாததால் அவர் வரியே கட்டாதவர் என்றும் எண்ண வேண்டியதில்லை. மாற்றும் டயரிலும் போடும் ரீலோடிலும் 2024 ஜனவரி முதல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி இருக்கிறது. அதற்கு இலக்கமும் கேட்பதில்லை, விலக்கும் தருவதில்லை.

நிற்க.

வரியைப் பற்றிய இந்த உரையாடல் லயத்து வாசலிலும் தொடர்ந்தது. தேநீர் கொண்டுவந்த தங்கச்சி (சின்னம்மாவின் மகள்) கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மெல்ல ஒரு வார்த்தை சொன்னாள்.

“அண்ணே, அவருக்கு வரி இல்லங்கிறீங்க, சரி. எனக்கு இப்ப பேரே இல்லையே, அதுக்கு என்ன கணக்கு?”

தோட்டத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டும். மலையகத்தில் ‘பேர்’ என்றால் ஒருநாள் வேலை. குறித்த அளவு கொழுந்து எடுத்தால் செக்ரோலில் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். பேர் விழுந்தால் சம்பளம், சம்பளம் விழுந்தால் சேமலாப நிதி. தங்கச்சி வேலை செய்வது பக்கத்துத் தோட்டமொன்றில். அங்கே சில காலத்துக்கு முன் ஆயிரத்துச் சொச்சம் தேயிலைச் செடிகளை அவள் பொறுப்பில் ஒப்படைத்திருக்கிறார்கள். பராமரிப்பது, புல் வெட்டுவது, கொழுந்தெடுப்பது எல்லாம் அவளும் குடும்பமும். கொழுந்தைத் தோட்டத்துக்கே கொடுக்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு, அதில் உரத்துக்கும் மருந்துக்கும் கழிவு. ‘வெளியார் உற்பத்தி முறை’ என்று பத்திரிகைகளில் நாங்கள் எழுதியது இதைத்தான். 2016 கூட்டு ஒப்பந்தக் காலத்திலிருந்து கம்பனிகள் இதனை வலியுறுத்தி வருகின்றன. தலைப்புச் செய்தியாகவே நானும் எழுதியிருக்கிறேன். என் தங்கச்சியின் பேர் அதில் கரைந்துபோனதை அந்த வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் உணர்ந்தேன்.

அவள் அந்த முறையை முழுதாக வெறுக்கவில்லை என்பதையும் எழுதியாக வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஒன்பது மணிக்கு மலைக்குப் போகலாம்; கங்காணியின் ஏச்சு இல்லை; மழை பெய்து கொழுந்து குவியும் மாதங்களில் பழைய சம்பளத்தைவிடக் கையில் கூடுதலாக நிற்கிறது. “அந்த மாசம் நல்லாத்தான் இருக்கும் அண்ணே” என்றாள்.

மச்சானின் கொப்பியிலேயே கணக்குப் போட்டோம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை அளவாக வைத்துக்கொண்டேன். இருபத்தைந்து பேர் விழுந்தால் 33,750 ரூபாய். 1958இன் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி அவளிடமிருந்து 8 சதவீதம் கழிக்க வேண்டும்: 2,700. தோட்டம் தன் கையிலிருந்து 12 சதவீதம் போட வேண்டும்: 4,050. 1980இன் ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் தோட்டமே 3 சதவீதம் போட வேண்டும்: 1,012 ரூபாய் 50 சதம். ஆக, அவள் சம்பளத்துக்கு மேலதிகமாகத் தோட்டம் மாதந்தோறும் போடவேண்டியது மட்டும் 5,062 ரூபாய் 50 சதம். ஆண்டுக்கு அறுபதினாயிரத்துக்கும் மேல். அத்தோடு 1983இன் பணிக்கொடைச் சட்டம்: ஐந்தாண்டு வேலை செய்த நாட்கூலித் தொழிலாளிக்கு ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாள் சம்பளம். ‘சுயதொழில்’ என்ற ஒரு சொல் இவ்வளவையும் துடைத்துவிடுகிறது. நல்ல மாதத்தில் கையில் கூடுதலாக நின்ற காசு எங்கிருந்து வந்தது என்பது தங்கச்சிக்கு அப்போது விளங்கியது. கொப்பியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

அவளுக்கு ஆறுதல் சொல்லும் தகுதி எனக்கு இருந்ததா என்பது வேறு கேள்வி. இருபதுகளில் நான் பதுளையில் பிரதேச நிருபன். கொழும்பிலிருந்து வெளிவந்த நாளேடொன்றுக்கு எழுதினேன். கூலி அங்குலக் கணக்கு. மாத முடிவில் அச்சான செய்திகளை வெட்டி, தாளில் ஒட்டி, அடிக்கோலால் அளந்து அனுப்ப வேண்டும். மண்சரிவு வந்த மாதம் நல்ல வருமானம். ஊர் அமைதியாக இருந்தால் அடுப்பும் அமைதி. பதினோராண்டுகள் அப்படிப் போயின. பின்னர் கொழும்பில் நிரந்தரமாக்கினார்கள். ஓய்வுபெற்ற நாளில் சேமலாப நிதிக் கணக்கைப் பார்த்தபோதுதான், அந்தப் பதினோராண்டுகளுக்கு ஒரு சதமும் இல்லை என்பது உறைத்தது. சம்பளப் போராட்டங்களைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியவன், தன் பேர் செக்ரோலில் இல்லை என்பதைக் கவனிக்கவில்லை. அவள் கிலோவுக்கு அளந்தாள். நான் அங்குலத்துக்கு அளந்தேன்.

அப்போது எனக்குத் தெரியாதிருந்த ஒன்றைச் சொல்கிறேன். துண்டுக்கணக்கிலோ கொமிஷன் அடிப்படையிலோ ஊதியம் பெறுபவருக்கும் சேமலாப நிதி உரியது, நாட்சம்பளக்காரருக்கு மட்டுமானதன்று. ஆகவே ‘கிலோவுக்குத்தானே காசு’ என்பது விடையாகாது. உண்மையில் அவர் தனக்காக வேலை செய்கிறாரா, இன்னொருவருக்காகவா என்பதே கேள்வி. இலண்டன் ஊபர் சாரதிகள் வழக்கில் ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் இதைத்தான் ஆராய்ந்தது. ஒப்பந்தத்தில் சுயதொழில் என்று எழுதியிருந்தும், கட்டணத்தையும் நிபந்தனைகளையும் கம்பனியே வகுப்பதால் அவர்கள் தொழிலாளர்களே எனத் தீர்த்தது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் தங்கச்சியின் நிலையை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: செடி அவளுடையதன்று, நிலம் அவளுடையதன்று, விலை அவள் வைப்பதன்று, வேறு தொழிற்சாலைக்குக் கொழுந்தை விற்கவும் முடியாது. மச்சானோ வண்டி தன்னுடையது, ஹயரை ஏற்பதும் மறுப்பதும் தன் விருப்பம். சுயதொழில் என்றால் அது.

அதே இலண்டனில் என் நண்பரின் மகனொருவன் உணவுப் பொதி கொண்டுபோய்க் கொடுக்கிறான். அவனும் சுயதொழில்தான். ஆனால் அவன் ஜனவரி 31க்குள் அனுப்பும் ஒரே விபரத்திரட்டில் வருமான வரியும் தேசிய காப்புறுதியும் சேர்ந்தே தீர்கின்றன. 2024 ஏப்ரல் முதல், ஆண்டு இலாபத்தில் 12,570 பவுணுக்கு மேல் 50,270 வரையான பகுதிக்கு 6 சதவீதம் காப்புறுதி. இலாபம் மிகக் குறைந்த ஆண்டில், வாரத்துக்குச் சில பவுண்களை விரும்பிக் கட்டி அந்த ஆண்டைக் காப்பாற்றிக்கொள்ளலாம். 35 ஆண்டு சேர்ந்தால் முழு அரச ஓய்வூதியம். குறைந்தது 10 வேண்டும். வரி கட்டுகிறவனுக்கு முதுமையும் அந்தப் பத்திரத்தில் எழுதப்படுகிறது. நம் நாட்டில் இறைவரித் திணைக்களம் ஒரு வாசல், முதுமை இன்னொரு வாசல், இரண்டுக்குமிடையே பாதையில்லை.

அந்த இன்னொரு வாசல் எது என்று மச்சான் கேட்டார். 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சமூகப் பாதுகாப்புச் சபை. அரச ஓய்வூதியம் இல்லாதவர்கள், 18 முதல் 59 வயதுவரை, பிரதேச செயலகத்தினூடாகச் சேரலாம். 60 வயதிலிருந்து சாகும்வரை மாதாந்த ஓய்வூதியம். எவ்வளவு வேண்டும் என்று நாமே தெரிந்து, சேரும் வயதுக்கேற்பத் தவணை கட்ட வேண்டும். இளமையில் சேர்ந்தால் தவணை குறைவு. ஊழியர் நம்பிக்கை நிதியிலும் சுயதொழில் செய்வோர் தாமாகப் பணம் போடலாம். சேமலாப நிதியில் அது முடியாது. அதற்குத் தொழில்கொள்வோர் வேண்டும்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொன்னேன். இன்று தெரிந்தெடுக்கும் தொகை இருபது ஆண்டுக்குப் பின்னும் அதே தொகைதான் என்றால், 2022 செப்டெம்பரில் 70 சதவீதத்தைத் தொட்ட விலையேற்றம் போல ஒன்று வந்தால் அது என்னாகும்? மாதம் ஆயிரம் ரூபாய் ஓய்வூதியம் ஒரு காலத்தில் பெரிதாகத் தோன்றியது. இன்றைக்கு நான்கு கிலோ அரிசி. ஆகையால் கொஞ்சம் கூடுதலான தொகைக்குச் சேருங்கள், அதை மட்டும் நம்பவும் வேண்டாம் என்றேன்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சின்னம்மா, தமக்கு வந்த ‘ஈ.பி.எஃப். காசு’ தங்கச்சியின் கலியாணத்துக்கும் கூரைத் தகரத்துக்கும் போனதைச் சொன்னார். மொத்தமாக வந்த காசு மொத்தமாகவே போய்விட்டது. வருத்தமாகச் சொல்லவில்லை. “அந்தக் காசாவது வந்திச்சு தம்பி” என்றார்.

மறுநாள் நானும் மச்சானும் பதுளைக்கு இறங்கி, பிரதேச செயலகத்தில் இரண்டு விண்ணப்பப்படிவங்கள் வாங்கினோம். தொழில் அலுவலகத்தில் தங்கச்சியின் விடயத்தையும் விசாரித்தேன். கொழுந்து நிறுத்த சிட்டைகளை ஒன்றுவிடாமல் சேர்த்து வைக்கும்படியும், எழுத்தில் முறைப்பாடு தரும்படியும் சொன்னார்கள். தங்கச்சி சிட்டைகளைச் சேர்த்து வருகிறாள். முறைப்பாடு எழுதுவது பற்றி இன்னும் யோசிக்கிறாள். செடிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டுவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினோராண்டுகள் நானும் வாய் திறக்காதிருந்தது அதே காரணத்தால்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் வந்தாள்.

“அண்ணே, அந்த ஃபோர்ம்ல தொழில்னு ஒரு எடம் இருக்கு. அதில சுயதொழில்னு போடவா?”

கொழுந்து பறித்தல் என்று எழுதச் சொன்னேன்.